டக் என்று ஒரு சத்தம் மட்டும்

மனைவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளின் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். ஆசனத்துக்குக் கீழிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது. எஞ்சின் சுழலவில்லை. கையை எடுத்து மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே சத்தம், அதே அளவில். அதற்குப் பிறகு எத்தனை தடவை அழுத்தினேன் என்று சொல்ல மாட்டேன். பயனில்லை என்று தெரிந்த பின்னரும் அழுத்திக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மனைவி நோயில் கிடந்த மாதங்களில் நான் வண்டியைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வரப் பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோ இருந்தது. அவள் போன பின்பு வீட்டில் உறவினர் நிறைந்திருந்தார்கள். சாவுத் துடக்கு கழியும்வரை வெளியே திரிய வேண்டாம் என்றார்கள், இருந்தேன். முற்றத்தின் கூரைச் சரிவுக்குள், பழைய படுக்கை விரிப்பொன்றால் மூடப்பட்டு, வண்டியும் அப்படியே நின்றது. அந்தியேட்டியோடு ஆட்கள் போய்விட்டார்கள். மகள் மட்டும் நின்றாள். இனிமேல் வெளியே போகலாம் என்ற நிலை வந்ததும் நான் செய்த முதற்காரியம் அந்த விரிப்பை இழுத்து எடுத்தது.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் வீதியை விட்டு மேலே ஏறும் ஓர் ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது. ஏற்றம் கடுமையானது. என் வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த பின், இறங்கிப் போய் பஸ் ஏறலாம்; திரும்பி ஏறி வர முடியாது. அந்தக் காலால் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் செய்யவும் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆகையால்தான் பழைய வண்டியை விற்று, பொத்தானால் இயங்கும் இந்த வண்டியை வாங்கினோம். வாங்க வைத்தவள் மனைவி. "அமத்தினா ஓடுற வண்டி எடுங்கோ. இல்லாட்டி வீட்டில இருங்கோ. ரெண்டில ஒண்டு" என்றாள். நான் வீட்டில் இருக்கக்கூடியவன் அல்லன் என்பது அவளுக்குத் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பித்த காலம் முழுவதும், ஓய்வு பெற்ற பின்னரும், காலையில் எங்கேயாவது போய்விட்டு வருவது என் வழக்கம். போன இடத்தில் பெரும்பாலும் ஒரு காரியமும் இருக்காது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரமாக வந்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து, ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கு எந்த இயந்திரத்தையும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது.

"பெட்டரி எறங்கிருச்சுங்க சேர். இத்தன நாளா நின்னா அது என்னா பண்ணும்? தள்ளி நில்லுங்க, நான் ஒதைக்கிறேன்."

இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் ஏறி உட்கார்ந்தேன். அப்போதுதான் விறாந்தையில் மகள் தேநீர்க் கோப்பையுடன் நின்றதைக் கண்டேன்.

"நாளைக்கு ஆர் உதைக்கிறது, அப்பா?" என்றாள்.

"நான் இருக்கேனே தங்கச்சி" என்றார் அவர்.

"நீங்கள் ஆட்டோவில ஹயர் போனா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் எஞ்சினை நிறுத்தினேன். அன்று நான் எங்கும் போகவில்லை.

அவளுடைய கேள்வியில் பிழை எதுவும் இல்லை. அவள் கொழும்பில் வேலை பார்க்கிறாள். வெள்ளவத்தையில் அவளுடைய மாடிவீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கியாயிற்று. சன்னல் சீலை என்ன நிறத்தில் வேண்டுமென்று கேட்கப்பட்டு, நான் பதில் சொல்லாததால் அவளே தெரிவுசெய்தும்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற ஒரு வான் வரும். என் புத்தகங்கள், உடுப்பு அலுமாரி, நான், மூன்றும் அதில் ஏறவேண்டும். வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாம். இந்த ஏற்பாட்டை அவள் அழாமல், கோபப்படாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். நான் வகுப்பில் ஒரு தேற்றத்தின் நிறுவலைச் சொல்வது போலவே இருந்தது. தனியாக வெளியே போய்வர முடியாத ஒருவர் இந்த மேட்டில் தனியாக இருக்க முடியாது என்பது அதன் முடிவு.

"வண்டியின் பிழையைக் கண்டுபிடித்துவிட்டால்?" என்று கேட்டேன்.

"கண்டுபிடியுங்கோ. ஆனா ஞாயிற்றுக்கிழமைக்கு முதல். ஒருத்தற்ற காலும் படாம அது ஸ்டார்ட் ஆகவேணும். பிறகு பாப்பம்."

இருக்க விரும்பினேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அந்த வீட்டில் ஒரு கதிரையில் ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் என்னால் இருக்க முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பிஸ்கட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேசும்போது இடையில் எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாய் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து வருவேன். பூட்டியிருக்கும். அறைக்கு அறை நடப்பேன். எதற்காக வந்தேன் என்பது வாசற்படியிலேயே மறந்துபோகும். ஆனாலும் அந்த வீட்டைவிட்டு வேறொரு வீட்டில், லிப்ட் வைத்த வீட்டில், மற்றவர்கள் அழைத்துப்போகும்போது மட்டும் வெளியே போகிறவனாக இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைத்த நேரத்தில் வெளியே போகக்கூடியவனால்தான் ஒரு வீட்டுக்குள் இருக்க முடியும். இதை மகளுக்கு எடுத்துச்சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டியைத் திருத்துவது அதைவிடச் சுலபமாகத் தெரிந்தது.

முதலில் செய்தது மிக எளிய சோதனை. ஹெட்லைட்டைப் போட்டு, சுவருக்கு முன்னால் நிறுத்தி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். பற்றரி வலுவிழந்திருந்தால், மோட்டாருக்கு மின்னோட்டம் இழுபடும் அந்தக் கணத்தில் வெளிச்சம் மங்கிப் போகவேண்டும். மங்கவில்லை. டக் என்ற சத்தம் வந்தது. சுவரில் விழுந்த வெளிச்சம் கண் சிமிட்டியதோடு சரி. அப்படியானால் பற்றரியில் மின்சாரம் இருக்கிறது. ரிலே என்கிற, பொத்தானின் கட்டளையைக் கேட்டு மோட்டாருக்கு வழி திறந்துவிடும் சிறு பெட்டியும் சத்தமிடுகிறது. ஆனால் மோட்டாருக்குள் எதுவும் ஓடவில்லை. வழியில் எங்கேயோ அடைப்பு.

பக்கத்து வீட்டுக்காரர் இதை ஏற்றுக்கொள்ளவில்லை.

"லைட்டுக்கு எம்புட்டு வேணும் சேர்? கொசுவுக்குச் சோறு போடுற மாதிரி. மோட்டாருக்குத்தான் ஆன சாப்பாடு வேணும். பெட்டரிதான்."

மறுநாள் அவருக்குத் தெரிந்த ஒரு கராஜிலிருந்து ஒரு நல்ல பற்றரியைக் கடனாக வாங்கி வந்து மாட்டினார். நான் தடுக்கவில்லை. ஒரு சந்தேகம் கழிந்தால் அதுவும் ஒரு முன்னேற்றம்தான். மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அமத்துங்க" என்றார். அமத்தினேன். டக்.

அவர் அதைக் கழற்றிப் பழையதையே மாட்டிவிட்டு, சற்று நேரம் வண்டியைச் சுற்றி வந்தார்.

"அப்ப மோட்டார் எரிஞ்சிருச்சு" என்றார். "கண்டியில எறக்கிருவோம். ஒரு கெழமையில தந்துருவானுங்க."

"ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்" என்றேன்.

"அப்ப கண்ணூறுதான் சேர். எலுமிச்சங்காய் ஒண்ணு நசுக்குங்க."

விறாந்தையில் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமலே சொன்னாள்: "அப்பா படிப்பிச்ச பிள்ளையளும் பரீட்சை மண்டபத்தில இப்பிடித்தான் டக் டக் எண்டு நிண்டிருப்பினம்."

"அப்படி நின்றவர்களிலும் பலர் பாஸ் பண்ணியிருக்கிறார்கள்" என்றேன்.

"நேரம் முடியிறதுக்கு முன்னம் எழுதினவை மட்டும்."

அவள் பெட்டிகளுக்குப் பசைத்தாள் ஒட்டும் சத்தம் அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடி ஆசனத்தைக் கழற்றினேன், பக்கத் தகடுகளைக் கழற்றினேன், மழை தூறியபோது மூடினேன், விட்டதும் மறுபடி திறந்தேன். ரிலேயின் இரண்டு முனைகளையும் ஒரு திருப்புளியின் தண்டால் இணைத்துப் பார்த்தேன். ரிலேக்குள் தொடுகை எரிந்துபோயிருந்தால், இந்தக் குறுக்குவழியில் மோட்டார் சுழன்றிருக்கும். சுழலவில்லை. ஆகவே ரிலேயும் குற்றவாளி இல்லை. மிஞ்சியவை இரண்டு. ஒன்று மோட்டார், அவர் சொன்னது போல. மற்றது, மோட்டாருக்குள் போன மின்சாரம் எஞ்சினின் உடம்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்பி வரும் பாதை. எர்த் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தடித்த கறுப்பு வயர்.

மனிதர்கள் மின்சாரம் போகும் வழியைத்தான் தேடுவார்கள். திரும்பி வரும் வழியை மறந்துவிடுவார்கள். இதை ஆண்டுதோறும் முதல் வருட வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை, மல்டிமீற்றரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனபோது எனக்கு இரண்டு கைகள் போதவில்லை. ஒரு முனையை எஞ்சின் மேல் பிடிக்கவேண்டும், மற்றதைப் பற்றரியின் எதிர்மின் முனையில் பிடிக்கவேண்டும், பொத்தானையும் அழுத்தவேண்டும். மகளைக் கூப்பிட்டேன்.

"நான் சொல்லும்போது அமத்து. அமத்திக்கொண்டே இலக்கத்தை வாசி. நல்ல தொடுகை என்றால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கும்."

"இல்லாட்டி?"

"இல்லாவிட்டால் பிழை அந்த வயரில்."

"வயர் இல்லை எண்டா மோட்டார். மோட்டார் எண்டா கண்டி, ஒரு கிழமை."

"ஆம்."

அவள் ஒரு கையால் பொத்தானில் பெருவிரலை வைத்து, குனிந்து மீற்றரைப் பார்த்தாள்.

"அமத்து."

டக்.

"பதினொண்டு சொச்சம்."

"சரியாக வாசி."

"பதினொண்டு தசம் நாலு. எனக்கு வாசிக்கத் தெரியும், அப்பா."

இரண்டு முனைகளையும் எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். முழங்கால் வலித்தது. பற்றரியின் பலம் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே வயரைத் தாண்ட முடியாமல் வீணாகிக்கொண்டிருந்தது. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கொடுக்கத்தான் எதுவும் மிஞ்சவில்லை. வயரை விரலால் தொட்டுத் தொட்டுக் கீழே போனேன். பற்றரிப் பக்கத்து முனை சுத்தமாக இருந்தது. மற்ற முனை எஞ்சினின் அடிப்புறத்தில், ஒரு தடித்த போல்ட்டின் கீழ் இறுக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி வெண்மையும் பச்சையும் கலந்த பூஞ்சணம் போன்ற ஒன்று.

பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் வந்துவிட்டார். கடன் வாங்கிய பற்றரியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர், வழியில் நின்று பார்த்தார். போல்ட்டை நான் கழற்ற, அவர் டோர்ச் பிடித்தார். வயரின் வளையத்தைத் தூக்கியதும், அதன் அடியில் உலோகம் தெரியவில்லை. காய்ந்து வெடித்த மஞ்சள் படலமும், நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு வட்டமும் இருந்தன. சந்தனமும் குங்குமமும்.

பக்கத்து வீட்டுக்காரர் டோர்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு அவர்தான் சொன்னார்.

"அது அம்மா வச்சதுங்க, சேர்."

சரஸ்வதி பூசை அன்று நடந்ததை அவர் சொல்லச் சொல்ல எனக்கும் நினைவு வந்தது. பூசைக்காக வண்டியைக் கழுவித் துடைத்தபோது, அந்த வயரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைப் பளபளக்கும்வரை உரசிவிட்டு, யாரோ தொலைபேசியில் கூப்பிட நான் உள்ளே போய்விட்டேன். அவர் பக்கத்தில் தன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். மனைவி சந்தனக் கிண்ணத்துடன் வந்தாள். அன்றைய தினம் வீட்டில் பொட்டுப் பெறாத கருவி எதுவும் இருக்காது. தையல் மெசின், அரிவாள், மிக்சி, என் மல்டிமீற்றர், எல்லாவற்றுக்கும் வைப்பாள். ஆட்டோவுக்கு வைத்தாள். மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலுக்கு வைத்தாள். பிறகு கீழே பளிச்சென்று ஓரிடம் தெரிய, குனிந்து அதற்கும் ஒன்று வைத்தாள்.

"மழ வந்திருச்சு. சேரைக் காணோம். சரின்னு நான்தான் வயரைப் போட்டு இறுக்கினேன்."

"துடைத்துவிட்டு இறுக்கியிருக்கலாமே?"

"பொட்டு வச்ச எடத்த எப்படிங்க தொடைக்கிறது?" என்றார். அவர் உண்மையிலேயே வியந்து கேட்டார்.

மகள் சிரித்தாள். தாய் போன பிறகு அவள் சிரிப்பதை நான் கேட்டது அன்றுதான். சிரிப்பை நிறுத்த முடியாமல் படியில் உட்கார்ந்துகொண்டாள். பின் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று ஈரமாக இருந்தபோது, போல்ட்டின் இறுக்கத்தில் சந்தனத்தின் பெரும்பகுதி பிதுங்கி வெளியேறி, உலோகம் உலோகத்தைத் தொட்டிருக்கும்; வண்டியும் ஓடியது. மிஞ்சிய மெல்லிய படலம் மழைக்கால ஈரத்தை உறிஞ்சி, மாதக்கணக்காக அசையாமல் நின்ற வண்டியில் உள்ளுக்குள்ளேயே உலோகத்தை அரித்திருக்கிறது. இவ்வளவுதான் விளக்கம். முன்னொரு வருடம் மீற்றரின் முனையிலேயே அவள் பொட்டு வைத்துவிட, சந்தனம் மின்சாரத்தைக் கடத்தாது என்று அவளுக்கு விளக்கியிருக்கிறேன். "நான் அதைக் கரண்டுக்கு வைக்கேல்லை" என்றாள். அந்தப் பேச்சு அதற்கு மேல் போகவில்லை.

சுரண்டத்தான் வேண்டும். அரைகுறையாகச் சுரண்டினால் அடுத்த மழைக்கு வண்டி திரும்பவும் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாண்ட்பேப்பரை நீட்டுவது நியாயமாகாது. மகளிடம் நீட்ட விரும்பவில்லை. கத்தியின் முனையால் படலத்தை எடுத்தேன். தகடு தகடாக வந்தது. பின்பு சாண்ட்பேப்பரால், வெள்ளை உலோகம் தெரியும்வரை, வளையத்தின் அடியிலும் போல்ட்டின் கழுத்திலும் உரசினேன். தேவையான அளவுக்கு மேலும் உரசியிருப்பேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. துணியால் துடைத்து, வயரை வைத்து, இறுக்கினேன்.

மகள் எழுந்து வந்து, நான் கேட்காமலே பொத்தானை அழுத்தினாள். மோட்டார் ஒரு தடவை முனகி, சுழன்று, எஞ்சின் பிடித்தது.

"அப்ப பெட்டரி இல்லத்தான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், யாரோ மறுத்துப் பேசியதைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பவர் போல.

வானை நிறுத்தச் சொல்லி அவள் தொலைபேசி எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"ஒருக்கா ஓடினது காணாது" என்றாள். "சூட்டில, ஏத்தத்தில, ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கேக்க ஸ்டார்ட் ஆகுதோ எண்டு பாக்கவேணும். நான் பின்னால இருக்கிறன்."

அவள் விஞ்ஞானம் படிக்கவில்லை, கணக்கியல் படித்தாள். ஆனால் ஒரு முடிவை ஒரேயொரு அளவீட்டில் ஏற்றுக்கொள்ளக்கூடாதென்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தாயின் ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பட்டியின் நீளத்தை மாற்றவில்லை.

ஒழுங்கையில் இறங்கினோம். கட்டுகஸ்தோட்டைச் சந்தியின் நெரிசலுக்குள் புகுந்து, பாலத்தைக் கடந்து, கலகெதர வீதியில் திரும்பினேன். எங்கே போகிறோம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் முடிவு செய்யவில்லை. ஒரு பேக்கரிக்கு முன்னால் என் தோளைத் தட்டினாள்.

"இங்க நிப்பாட்டுங்கோ. ஓஃப் பண்ணுங்கோ."

நிறுத்தினேன். கொஞ்சம் பொறுத்து, "இப்ப" என்றாள். அழுத்தினேன். பிடித்தது. பேக்கரி வாசலில் நின்றவர்கள், தந்தையும் மகளும் ஒன்றும் வாங்காமல் வந்து ஒன்றும் வாங்காமல் போவதைப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சத் தூரத்தில், ஒரு வளைவில், மறுபடியும் தட்டினாள். மறுபடியும் பிடித்தது. இந்த முறை நான் திரும்பி, "காணுமா?" என்று கேட்டேன்.

"ஏத்தம் வரட்டும்."

ஏற்றம் வந்தது. மழையும் தொடங்கியது. வீதி ஒடுங்கிய இடத்தில், பின்னால் ஒரு தனியார் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. ஒதுங்கச் சொல்வாள் என்று நினைத்த இடத்தில் அவள், "இப்ப ஓஃப்" என்றாள். ஓர் ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பினேன். பஸ் எங்களை உரசிக்கொண்டு நின்றது. கொண்டக்டர் படியில் தொங்கியபடி சிங்களத்தில் ஏதோ கேட்டான். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. இடது காலை மட்டும் ஊன்றி, பாரம் முழுவதையும் அதில் தாங்கிக்கொண்டு நின்றேன். வலது கால் பின்பிரேக்கில் இருந்தது. இந்தத் தடவை டக் என்று மட்டும் வந்தால், நாளைக்கு வானில் ஏறுவேன் என்று எனக்குள் ஒப்புக்கொண்டேன். அவள் என்னை வஞ்சிக்கவில்லை, எதிர்க்கவுமில்லை. என் தரப்பின் பலம் எவ்வளவு என்று பார்க்கிறாள், அவ்வளவுதான்.

பெருவிரலை வைத்தேன். மோட்டார் உடனே சுழன்றது.

பஸ் போகும்வரை அவள் பின்னாலேயே இருந்தாள். பிறகு இறங்கி, ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்துக்குள் போய் நின்றாள். நான் எஞ்சினை நிறுத்தாமல் நனைந்துகொண்டிருந்தேன். அவள் தொலைபேசியில் பேசுவது மழைக்கு மேலாகக் கேட்டது.

"ஓம் அண்ணை, நாளைக்கு வேண்டாம்... இல்லை, வருத்தம் ஒண்டும் இல்லை, நல்லாத்தான் இருக்கிறார்... அடுத்த கிழமையும் வேண்டாம். தேவையெண்டா நான் எடுக்கிறன்."

தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, நனைந்த ஆசனத்தைக் கையால் வழித்துவிட்டு ஏறினாள்.

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் எனக்குக் கோல் எடுக்கவேணும். எடுக்காட்டி நான் வானோட வருவன்."

"எடுக்கிறேன்."

"சரி. இனி வீட்டதானே?"

இருக்கலாம் என்று உறுதியாகிவிட்ட அந்த வீட்டுக்கு உடனே திரும்பிப்போக எனக்கு மனம் வரவில்லை.

"இன்னும் கொஞ்சத் தூரம் போய்விட்டு" என்றேன். அவள் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். கியரைப் போட்டு ஏற்றத்தில் எடுத்தேன்.